இரவல் போன இரண்டு கைகள்

என் பேத்தி பாபிர்யே துணி துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்து வைத்து, மம்பா மீன் குலத்தின் தாளத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் எங்கள் முற்றத்தில். வெட்டுக்கிளிக் குலத்தில் பிறந்தவள்!

உகாண்டாவில் உள்ள எங்கள் புகாண்டா நாட்டில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு முரசுத் தாளம் உண்டு. அது ஒலித்தால் அந்தக் குலத்தார் எங்கிருந்தாலும் எழுந்து ஆட வேண்டும். அடுத்த குலத்தார் அதைத் தொடக்கூடாது.

"யார் சொல்லிக் குடுத்தது இதை?"

"பாட்டு வாத்தியார், தாத்தா. பள்ளிக்கூடப் போட்டிக்கு."

மறுநாள் காலை வெள்ளை அங்கியும் மேலே கோட்டும் அணிந்து அரசுப் பள்ளிக்குப் போனேன். மம்பா குலத்துப் பெரியவர் முபிரு எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வேலியால் பிரிந்தவை. கையில் காகிதப் பொட்டலம் நிறைய வறுத்த வெட்டுக்கிளி. அது எங்கள் குலச் சின்னம் என்பதால் எங்கள் குலத்தார் அதை உண்பதில்லை.

"வாரும் கலிபாலா. உம்ம சொந்தக்காரங்க நல்லா மொறுமொறுன்னு இருக்காங்க. ஒண்ணு எடுத்துக்கறீரா?"

"உம்ம மாமனை நேத்து மீன் சந்தையில பார்த்தேன். வாலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. விலை கேக்க மனசு வரல."

பாட்டு வாத்தியார் ஒச்சாயா வடக்கிலிருந்து வந்த இளைஞர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க தாளத்தை வெட்டுக்கிளிப் பொண்ணு தொடக்கூடாது," என்றார் முபிரு.

"எங்க பொண்ணு மீன் தாளத்தைத் தொடமாட்டா," என்றேன். நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் முறை.

"சரிங்க. ஊர்ல இருக்கிற எல்லாக் குலத்துத் தாளத்தையும் கோத்து ஒரே உருப்படியா கட்டியிருக்கேன். அதுல மம்பாவை மட்டும் எடுத்துடறேன்."

முபிருவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "எங்களது மட்டுமா? என் பேரன் அடிக்கட்டுமே!"

வகுப்பறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அது என்ன, தகரக் கூரை மேல ஆடு ஓடுதா?" என்று கேட்டார் முபிரு.

"உங்க பேரன்தாங்க அடிக்கிறான்," என்றார் ஒச்சாயா.

முபிரு பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "கலிபாலா, உம்ம பொண்ணையே அடிக்கச் சொல்லுமேன்."

மாவட்டமே பார்க்க இவள் மீன் தாளம் அடித்தால், நாளைக்கு இவளை மம்பா வீட்டுப் பெண் என்பார்கள். என் மகன் எரியாவுக்கு மகள் இல்லாமல் போய்விடும்.

"எங்க வீட்டுப் பொண்ணை யாரும் வழியில நின்னு கேட்டதில்லை. முறைப்படி வீட்டுக்கு வாரும்," என்றேன்.

சனிக்கிழமை வந்தார். சேவல், வாழைப்பழக் கள், தமக்காகப் பேச ஓர் ஆள் என்று பெண் கேட்க வருவதுபோலவே வந்தார். பாயில் முழந்தாளிட்டு அந்த ஆள் சொன்னான்: "இந்த வீட்டுல ஒரு ஜோடிக் கை இருக்குன்னு கேள்விப்பட்டோம். அந்தக் கையைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கேட்டு வந்திருக்கோம்."

என் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை.

"தரேன். ஆனா இவ யார் பொண்ணுன்னு சபையில சொல்லணும். அப்பன், நான், என் அப்பா, அவர் அப்பான்னு குல முதல்வர் வரைக்கும்."

"அதுக்கென்ன, சொல்லட்டும்," என்றார் முபிரு.

துணைக்கு வந்திருந்த ஒச்சாயாதான் தலையில் கைவைத்தார். "ஐயா, மேடையில எங்களுக்குக் குடுக்கிறதே எட்டு நிமிஷம். உங்க பரம்பரைக்கே அது பத்தாது."

"அப்ப பாட்டைச் சுருக்கும்."

பாபிர்யே கேட்டாள்: "தாத்தா, பேரெல்லாம் சொன்னாப் போதும்தானே? எப்ப சொன்னாலும் சரிதானே?"

"ஒரு பேரும் விட்டுப்போகக் கூடாது."

போட்டி நாளில் மைதானம் நிரம்பியிருந்தது. தாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது வந்தபோது எழுந்து, என் வயதுக்குத் தகுந்தபடி ஆடிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு பாபிர்யே பெரிய முரசின் முன் வந்து மம்பா தாளத்தைத் தொடங்கினாள். முபிருவின் ஆட்கள் ஆரவாரத்தோடு எழுந்தார்கள். முபிரு இரண்டு கையையும் தூக்கி ஆடினார்.

அப்போது அவள் குரலெடுத்தாள்.

"நான் பாபிர்யே! எங்கப்பா எரியா! அவரப்பா கலிபாலா!"

ஒவ்வொரு பெயரும் ஓர் அடியின்மேல் சரியாக வந்து விழுந்தது. பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். கூட்டுப் பாட்டென்றால் சும்மா இருக்க முடியாத மம்பா ஜனமும் ஆடிக்கொண்டே திருப்பிச் சொன்னது. முபிருவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. வேலி வழக்கில் அவர் தாத்தாவைத் தோற்கடித்த என் தாத்தாவின் பெயரைக் கத்திய பிறகுதான் அவர் முகம் மாறியது. ஆனால் தம் தாளம் ஒலிக்கும்போது எந்த மம்பாக்காரன் உட்கார முடியும்? அவர் என்னை முறைத்துக்கொண்டே ஆடினார். என் முப்பாட்டன்மார் ஒவ்வொருவரையும் வாழ்த்திக்கொண்டே ஆடினார்.

அது எங்கள் தாளம் இல்லை. ஆகவே நான் எழவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெயர் ஏதாவது விட்டுப்போகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.