முன்வரிசை

டையின் முடிச்சை நூலா மூன்றாவது முறையாக அவிழ்த்தாள். சவப்பெட்டிக்காரர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் கோல்முக்கு முடிச்சு தொண்டையை ஒட்டி இருந்தால் பிடிக்காது. எட்டு வருடமாக அவனுக்குச் சட்டை மாட்டியவளுக்கு அது தெரியும். இடது கையால் தம்பியின் தலையைத் தாங்கி, கழுத்து அசையாமல், வலது கையால் துணியைத் தளர்த்தினாள். இனி அசைந்தாலும் ஒன்றுமில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. கையை எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவள் போன் அடித்தது. கோல்மைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கும் அலாரம், அணைக்க மறந்திருந்தாள். முன்னறையில் நின்றிருந்த எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"யாராவது அதை நிறுத்துங்கப்பா, எந்திரிச்சிடப் போறான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் பாட்சி. பிறகு கோல்மின் கையைத் தொட்டார். "வாய் இருக்கே, அது மட்டும் கடைசிவரைக்கும் படுக்கல. சொர்க்க வாசல்ல பேதுருவையே ஆஃப்சைடுன்னு சொல்லப்போறான் பாரு."

சிரித்தார்கள். நூலாவும் சிரித்தாள். அஞ்சலி செலுத்த வந்தவர்களின் வரிசை நடைவழி தாண்டி, வாசல் தாண்டி, மழையில் நின்றது.

சமையலறையில் அம்மா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். மாலக்கி மேசையருகே உட்கார்ந்திருந்தார். காலடியில் மஞ்சள் நிற உண்டியல் வாளி, கையில் சுருட்டிய சுவரொட்டி. 'கோல்முக்காக' என்று அச்சடித்திருந்ததன்மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, 'கோல்ம் நினைவாக' என்று எழுதியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை.

முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரக்பி கிளப் ஒரு ஆட்டம் நடத்தும். இந்த வருட ஆட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. நடத்துவது மாலக்கி. எட்டு வருடத்துக்கு முன் கோல்ம் ஆட்டத்தில் கழுத்து முறிந்து விழுந்த அன்று அவர்தான் பயிற்சியாளர். அதன் பிறகு இந்த நிதிக்காகக் கடற்கரை முழுதும் நடந்தார், கிறிஸ்துமஸ் காலையில் கடலில் குதித்தார், தாடியை மேடையில் மழித்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனிதரா என்று ஊர் சொன்னது. அவர் ஏன் ஓய்வதில்லை என்பது நூலாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்க சீட்டை நீ எழுதித் தாயேன் நூலா, பழையபடி. உன் கையெழுத்துல இருந்தா அவனுக்கு ஒரு மரியாதை."

முன்பு கிளப்பின் சீட்டுகளை எழுதியவள் அவள்தான்; எட்டு வருடமாக எழுதவில்லை. பேனாவை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசிப் பெயர் வந்தது.

"டாரா. ஓவனுக்குக் கால் மடங்கிடுச்சு, முன்வரிசைக்கு ஆள் குறையுது. டாரா பேருக்கு நேரா அந்தக் குறியைப் போட்டுடு."

ஸ்க்ரம் என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கோத்துத் தள்ளுவது. மொத்தப் பாரமும் முன்வரிசையின் கழுத்தில் இறங்கும். அதற்கென்று பழகியவர்கள் மட்டுமே அங்கே நிற்கலாம். சீட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு சிறு குறி இருக்கும். பழகிய ஆள் போதவில்லை என்றால், தள்ளக் கூடாது, சும்மா சாய்ந்து நிற்க வேண்டும் என்று நடுவர் சொல்லிவிடுவார்.

தேநீர்க் கெண்டியோடு வந்த டாராவைப் பார்த்தாள். அவள் மாமா மகன், இருபது வயது.

"நீ எப்பவாவது முன்வரிசையில நின்னிருக்கியா?"

"இல்லக்கா. ஆனா கழுத்தைப் பாரு, காளை மாதிரி. எங்கம்மாவே சொல்லுவாங்க, கழுத்து முடிஞ்சு தல எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலன்னு." சிரித்தான். "கோல்ம் அண்ணனுக்காக நிக்க மாட்டேனா?"

"முதல் பத்து நிமிஷம்தான் தள்ளுவான்" என்றார் மாலக்கி. "எடுத்தவுடனே எல்லாரும் சும்மா சாஞ்சு நின்னா யாரும்மா காசு குடுத்து வருவாங்க? டப்ளின்லேருந்து ஆராய்ச்சி டாக்டரே வர்றாங்க."

பத்து நிமிஷம்தான். கோல்ம் விழுந்த அன்றும் இதே குரல். மழையில் சீட்டு நனையாமல் இருக்கக் கோட்டுக்குள் வைத்து எழுதினாள். பக்கவாட்டில் ஓடிப் பிடிப்பவனாகவே ஆடிய கோல்ம், பல்காப்பை வாயில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையாட்டினான். நான்காவது நிமிடம் ஸ்க்ரம் சரிந்தது. பிறகு அந்த நாளைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறான்: மழை, சேறு, நடுவரின் குரல். அந்தக் குறியைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. இரவில் அவனைத் திருப்பும்போதெல்லாம் இன்று கேட்பான் என்று காத்திருந்தாள். இப்போதும் காத்திருப்பதுபோல்தான் இருந்தது.

"தள்ளாத ஆட்டம்னு எழுதுறேன்" என்றாள்.

"நடுவர் ஒண்ணும் கேக்க மாட்டாரும்மா."

"அன்னைக்கும் கேக்கல. சீட்டைத்தான் பார்த்தாரு."

கத்தியின் சத்தம் நின்றது. அன்றைய விபத்தின் விசாரணைக் கடிதத்தில், சீட்டில் தவறில்லை, யார்மீதும் குற்றமில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அம்மா ஜெப புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

"அம்மா, கோல்ம் முன்வரிசைக்குப் பழகினதே இல்ல. அவன் பேருக்கு நேரா நான்தான் குறி போட்டேன்."

மாலக்கி தன் கைகளைப் பார்த்தார். "போடச் சொன்னது நான், பிரீட்" என்றார் அம்மாவிடம்.

முன்னறையில் பாட்சி ஏதோ சொல்ல, பலர் சிரித்தார்கள். டாரா கெண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அம்மா மீதி ரொட்டியை மூலைக்கு மூலை வெட்டினாள். தட்டில் அடுக்கினாள். ஓரம் பிசகியிருந்த ஒன்றை எடுத்து மறுபடி அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை எடுக்கப் போனாள்.

நூலா சீட்டின் தலைப்பில் 'ஸ்க்ரமில் தள்ளுதல் இல்லை' என்று எழுதினாள். மாலக்கி அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். தேவாலயம்வரை தோளில்தான் போகும். சவப்பெட்டிக்காரர் ஆறு பேரை உயரம் பார்த்து நிறுத்தினார். முன்னால் மாலக்கி, அவருக்கு இணையாக டாரா.

அம்மா வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாரா, நீ வேண்டாம்பா. நூலா தூக்கட்டும்."

"அத்தை, கனமா இருக்குமே."

"அவன் கனம் அவளுக்குத் தெரியும்."

அவள் நூலாவைப் பார்க்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு முதல் ஆளாகத் தெருவில் இறங்கினாள்.

நூலா டாராவின் இடத்தில் போய் நின்றாள். "மெதுவா" என்றார் சவப்பெட்டிக்காரர். "இப்ப." மரம் தோளில் இறங்கிக் காதில் உரசியது. பெட்டிக்கு அடியில் மாலக்கியின் கை தடவிக்கொண்டே வந்து, அவள் தோளுக்குப் பின்னால் கோட்டை இறுகப் பிடித்தது. சற்று நேரம் கழித்து அவளும் அவர் கோட்டைப் பிடித்தாள். ஆறு பேரும் குனிந்த தலையோடு மழைக்குள் காலெடுத்து வைத்தார்கள்.