நேரில் வைக்காத பத்திரிகை

லைஃப் கோச்சாம். எனக்கு! அம்பத்தாறு வயசுல வாழ்றதுக்கு டியூஷன். ஃபேக்டரியில ஒரு ஆபரேட்டரை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன், அந்தப் பொம்பள அழுதுகிட்டே மேனேஜர்கிட்ட போயிருச்சு. ஆறு வாரம் கோச்கிட்ட உக்காருங்க, இல்லன்னா வார்னிங் லெட்டர்னு சொல்லிட்டான் அந்த ஆளு.

கோச் பேரு ஷாமளா. முப்பது வயசுகூட இருக்காது. "காளியப்பன் அங்கிள், கோவம் யார் மேல?"ன்னு கேட்டுச்சு. "எல்லார் மேலயும்தான் லா"ன்னேன். ரெண்டு வாரம் இப்படியே ஓட்டுனேன். அது புத்தி சொல்லல. கேள்வி கேட்கும், நான் பதில் சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கும். அந்தச் சும்மாதான் என்னால தாங்க முடியல. மூணாவது வாரம் தங்கச்சி கதை வாயில வந்துருச்சு.

புஷ்பவள்ளி என் ஒரே தங்கச்சி. கோத்தா திங்கி டவுன்ல இருக்கா, என் வீட்டுலேர்ந்து கார்ல அரை மணி நேரம்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவ மக ரூபினிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். வெத்தல பாக்குத் தட்டோட புருஷனும் பொண்டாட்டியுமா முதல்ல என் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைக்கணுமா இல்லையா? வாட்ஸாப்ல அனுப்புனா! காய்கறிக் கடைக்காரன் ஆஃபர் அனுப்புற மாதிரி. நான் போகல. அவ போன் பண்ணா, நான் எடுக்கல. தாய்மாமன் இல்லாமலே கல்யாணம் நடந்துச்சு. அதுக்கப்புறம் யாராவது அவ பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயிருவேன்.

ஷாமளா எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏன் நேர்ல வரலன்னு கேட்டீங்களா அங்கிள்?"ன்னுச்சு.

"அத நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேக்கலையா?"

"கேக்கல."

"இந்த வாரம் அதை மட்டும் கேட்டுட்டு வாங்க. சண்டையும் வேணாம், மன்னிப்பும் வேணாம்."

சனிக்கிழமை போனேன். வெறுங்கையோட போகக்கூடாதுன்னு ஒரு புடவை வாங்கிக்கிட்டேன். கதவைத் திறந்தது ரூபினி. "மாமா"ன்னு சொன்னதும் வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. ஹால்ல கட்டில் போட்டிருந்தாங்க. கட்டில்ல புஷ்பவள்ளி. தலையில முடி இல்ல. ஆளு பாதியாயிருந்தா.

"ஏன்டி நேர்ல வரல?" அந்தக் கேள்விதான் வந்துச்சு.

"அப்பவே கீமோ நடந்துச்சுண்ணே. மொட்டைத் தலையோட வந்து நின்னா நீ தாங்குவியா? அம்மாவையும் இந்த நோய்க்குத்தானே குடுத்தோம். கல்யாண நேரத்துல உன்னை அழ வைக்க வேணாம்னு நெனச்சேன். அப்புறமா போன்ல சொல்லிக்கலாம்னு பாத்தா நீ எடுக்கவே இல்ல. நடுவுல நல்லாயிருச்சு, இப்பத் திரும்ப வந்துருச்சு."

அலமாக், அடக் கடவுளே! நானெல்லாம் ஒரு அண்ணன்.

புடவையை அவ கையில வச்சேன். தடவிப் பாத்துட்டுச் சிரிச்சா. "இத நீயே வச்சுக்கண்ணே. நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடின்னு நீதானே ஒரு புடவை கொண்டு வந்து போத்தணும். ரெண்டு செலவு எதுக்கு?"

"வாயை மூடுடி"ன்னு கத்திட்டு, நானே அழுதேன். அப்பவே அந்தப் புடவையைக் கட்டிவிடச் சொன்னேன். ரூபினி நைட்டிக்கு மேலேயே சுத்திவிட்டுச்சு.

அப்புறம் தினமும் வேலை முடிஞ்சதும் போனேன். கஞ்சி ஊட்டுனேன், கால் பிடிச்சுவிட்டேன், சின்ன வயசுல யார் யாரை அடிச்சோம்னு சண்டை போட்டோம். பன்னெண்டாவது நாள் காலையில அவ வீட்டுக்காரரு போன் பண்ணாரு. புதுசா ஒரு கோடி வாங்கிட்டுப் போய்ப் போத்திட்டு வந்தேன்.

ஆறாவது வாரம் ஷாமளா ஒரு ஃபாரத்தை நீட்டுச்சு. இந்தப் பயிற்சியால நீங்க அடைஞ்ச பலன் என்னன்னு கேட்டிருந்தாங்க. "பதினோரு நாள்"னு எழுதுனேன்.

அதைப் படிச்சுட்டு ஷாமளா தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

"நீ கேக்கலன்னா அதுவும் கெடச்சிருக்காதும்மா"ன்னேன். "மூணு வருஷம் இருந்துச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்."