எல்லா வீட்டிலும் பதில் சொல்லும் முகவரி

இளைய சகலையை மேனேஜர் பாராட்டும் சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. மூத்த சகலைக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷம் கேபிள் இழுத்து, நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்து, சர்வர் அறை நாற்காலிக்கு வந்தவன் அவன். கொழுந்தியாள் புருஷனாச்சே என்று இளையவனை வேலையில் சேர்த்துவிட்டவனும் அவனே.

மருந்துக் கிடங்கின் சர்வரை எந்த கிளவுட் கம்பெனியில் வைத்தோம் என்று, வேலையை விட்டுப்போன ஆள் எழுதி வைக்கவில்லை. பெரிய கம்பெனியென்றால் கவலையில்லை. சின்ன கம்பெனியென்றால் இன்று மாலை ஏழு மணிக்கு அவர்கள் ஒரேயடியாகக் கடையை மூடுகிறார்கள். அதற்குள் சர்வரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற ஐந்து மணி நேரம் ஆகும். கண்டுபிடிப்பவனே குழுத்தலைவன் என்றிருந்தார் மேனேஜர்.

இளையவன் சர்வருக்குள்ளிருந்து, பெரிய கம்பெனியின் சர்வர்களில் பதில் சொல்லும், 169இல் தொடங்கும் உள்முகவரியைத் தட்டினான். பதில் வந்தது. “பெரிய கம்பெனிதான் சார்!” என்றான். அதற்குத்தான் அந்தப் பாராட்டு.

அந்த முகவரி பல கம்பெனிகளிலும் பதில் சொல்லும் என்பது மூத்தவனுக்குத் தெரியும். யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் “யாரு?” என்றுதான் கேட்பார்கள், அதை வைத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்ல முடியுமா? அவன் சர்வருக்குள், அந்த எந்திரத்தைத் தந்த கம்பெனியின் பெயர் இருக்கும் கோப்பைத் திறந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினான். சின்ன கம்பெனி. மணி பத்தரை.

வாயைத் திறக்கவில்லை. நாலு மணிக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் உடைத்தால்தானே ருசி? நாலுக்கு மேல் மாற்ற நேரம் இருக்காது என்ற கணக்கை மட்டும் அவன் போடவேயில்லை.

ஒன்றே முக்காலுக்கு இளையவன் வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

“சகல, சொதப்பிட்டேன். சந்தேகம் வந்து திரும்பப் பாத்தா, சின்ன கம்பெனி! மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். கிழிகிழின்னு கிழிச்சாரு. கடைசில, ‘நேரத்தோட சொன்னியே, நீயே முன்னாடி நின்னு மாத்து’ன்னுட்டாரு.”

மூத்தவனுக்குப் பொறுக்கவில்லை. “எனக்குப் பத்தரைக்கே தெரியும்டா!”

இளையவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மூத்தவனைப் பார்த்தான்.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

மூத்தவன் திறந்திருந்த கோப்பை மூடினான்.

“சரி விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாற்காலிய இழுத்துப் போடுங்க, நேரமில்ல.”

மூத்தவன் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இந்தப் பெரிய மனசும் இவனுக்கே வாய்க்க வேண்டுமா?