அறுபத்து மூன்று கையெழுத்துகள்

அந்த ஏழு மாடிக் கட்டிடத்தின் இன்ஜினியர் கேஸ் அக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வழக்கமாக "வாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டு லிப்டு வரை கூட வருகிற மனிதர். அன்றைக்குச் சிரிப்பில்லை. கையிலிருந்த தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது யார் கையெழுத்து?" என்றார்.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். கட்டிடத்தின் ஏசி மெஷினுக்கு, போன மாதம் பதினொன்றாம் தேதியிட்ட சர்வீஸ் ரிப்போர்ட். 'சில்லர் மெஷினில் கேஸ் கசிவு இல்லை. சோதித்து உறுதி செய்யப்பட்டது.' கீழே அவளுடைய லைசென்ஸ் நம்பர். அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து.

"என்னோடது மாதிரிதான் இருக்கு சார். ஆனா நான் போடலையே."

"நீங்க போடாம அது தானா வந்து உக்காந்துக்கிச்சா? முந்தாநாள் எங்க வாட்ச்மேன் மெஷின் ரூமுக்குள்ள தலைசுத்தி விழுந்துட்டார். ரூம் முழுக்க கேஸ். யாரோ பார்த்து இழுத்துப் போட்டதால ஆள் பிழைச்சார். கசிவு இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்க!"

அவள் தன் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தகரம் கிழித்து ஏழு தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. "பதினொன்னாம் தேதி இந்தக் கையில கட்டுப் போட்டுக்கிட்டு வீட்ல இருந்தேன் சார். அந்த வாரம் முழுக்க லீவு."

இன்ஜினியர் தழும்பைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"முதல்ல மெஷினைப் பார்த்துடறேன். சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வால்வு மூட்டில் சோப்பு நுரையைத் தடவியதும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. யாராவது வந்து பத்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஒருவருமே வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மூட்டைக் கழற்றி, புதிதாகப் போட்டு, கேஸை நிரப்பிக் காட்டிவிட்டுத்தான் அவள் அங்கிருந்து கிளம்பினாள்.

அவள் அந்த ஏசி சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏசி பில்டரைக் கழுவிப்போடுகிற வேலையில் தொடங்கியவள். பெரிய மெஷின்களின் கேஸைத் தொட வேண்டுமென்றால் அரசாங்க லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கம்பெனியில் இருந்த பதினோரு பேரில் பரீட்சைக்குப் போனது அவள் ஒருத்திதான். முதல் தடவை தோற்றாள். மகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்து, கைக்காசைக் கட்டி, மறுபடியும் எழுதித் தேறினாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் 'கேஸ் அக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

லைசென்ஸ் வந்ததும் சீனியர் டெக்னீஷியன் ஆக்கிவிடுவதாக மேனேஜர் வாய்நிறையச் சொல்லியிருந்தார். நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார். சம்பளச் சீட்டில் இன்னும் 'டெக்னீஷியன், இரண்டாம் நிலை' என்றுதான் இருந்தது. போன வருடம் டிப்ளமோவோடு வந்தவர் ஒருவர் நேராக சீனியராகவே சேர்ந்தார். எந்தக் குழாய் போகிறது, எந்தக் குழாய் வருகிறது என்று அவளிடம்தான் வந்து கேட்பார். அவருக்குச் சம்பளம் அவளைப்போல ஒன்றரை மடங்கு. அதைக் கேட்கப் போனபோது மேனேஜர், "லைசென்ஸுக்குன்னு தனியா சம்பளம் கிடையாதும்மா. அது வெறும் காகிதம்" என்றார்.

அந்த வெறும் காகிதத்தின் நம்பர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அன்று மதியம் அவள் தேடத் தொடங்கினாள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். பைல் அலமாரி திறந்துதான் கிடந்தது. கடைசி மூன்று மாத ரிப்போர்ட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். அவள் காலே வைக்காத கட்டிடங்கள். அவள் பார்த்தே இராத மெஷின்கள். எல்லாவற்றிலும் அதே நம்பர், அதே கையெழுத்து, அச்சுப் பிசகாமல். போகாத இடங்களை மட்டும் எண்ணினாள். அறுபத்து மூன்று.

வாசலில் நிழல் விழுந்தது. கூட வேலை செய்கிற ஸ்பானர் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியாக, தலைப்பக்கம் கொஞ்சம் முன்னால் வளைந்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா அக்கா?" என்றார் மெதுவாக.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது." அவர் மேனேஜரின் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுடைய கையெழுத்து, தலைகீழாக, ரப்பரில் செதுக்கியிருந்தது. "ஆளை அனுப்பினா செலவு. இதை அனுப்பினா செலவே இல்ல. எங்க வாயை அடைச்சு வெச்சிருந்தாங்க அக்கா. நானும் பயந்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் ஸ்பானரைத் திட்டவில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்தாள். படம் எடுத்து முடிக்கும்போது மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஆபீஸை மார்க்கெட் ஆக்கிட்டே?"

"இந்த ஸ்டாம்ப் என்ன சார்?"

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்துக்கொண்டார். "உனக்கு வேலையைக் குறைக்கத்தான். எத்தனை ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுவே, கை வலிக்காதா? குடு அதை. கம்பெனி சொத்து."

"கையெழுத்து என்னோடது. அது எப்படி சார் கம்பெனி சொத்தாகும்?" ஸ்டாம்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "நாலு வருஷமா வெறும் காகிதம்னு சொன்னீங்க. வெறும் காகிதத்துக்கு யாராவது காசு குடுத்து ஸ்டாம்ப் செய்வாங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மேனேஜரே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. சீனியர் கூட வேண்டாம், நேராக சூப்பர்வைசர். சம்பளம் இரண்டு மடங்கு. அடுத்த மாதத்திலிருந்தே. ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரைக்கும் போன ரிப்போர்ட்டுகள் எல்லாம் அவளுடைய மேற்பார்வையில்தான் போயின என்று.

அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அப்போதுதான் வேனைக் கழுவிவிட்டு வந்து ஈரக்காலோடு நின்றிருந்தான். போனில் வந்ததெல்லாம் அவன் காதிலும் விழுந்தது.

"நீ கேட்டது கிடைக்குதே" என்றான் தயங்கித் தயங்கி. "அடுத்த வருஷம் பொண்ணு பெரிய ஸ்கூலுக்குப் போகணும். கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு மடங்கு என்றால் என்னென்ன செய்யலாம் என்று மனசு தன்பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அப்புறம் அந்த வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"ஏங்க, நான் கேட்டது என் வேலைக்குச் சம்பளம். இவங்க குடுக்கறது வாயை மூடறதுக்குக் கூலி. நாளைக்கு எவனாவது நிஜமாவே செத்துட்டா, அந்தத் தாள்ல என் பேர்தானே இருக்கும்? மேனேஜர் பேரா இருக்கும்?"

அவன் காலைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்னு சொல்லு. வேன்லயே கொண்டுபோய் விடறேன்" என்றான்.

லைசென்ஸ் ஆபீஸில் இருந்த அதிகாரி அம்மாள் அவள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. விசாரணை முடியறவரைக்கும் உங்க லைசென்ஸை நிறுத்தி வெச்சுடுவோம். புகார் குடுத்தவங்களுக்கும் அதே விதிதான். புகாரை இப்பவே திருப்பி வாங்கிக்கறதா இருந்தா வாங்கிக்கலாம்."

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்மா" என்றாள் அவள்.

மறுநாளே கம்பெனியில் அவளைத் தண்ணி தெளித்து விட்டுவிட்டார்கள். ஏழு வாரம் அவள் கேஸைத் தொடவில்லை. தெருத்தெருவாக வீட்டு ஏசிகளின் பில்டரைக் கழுவினாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செய்த அதே வேலை. "லைசென்ஸ் எடுத்து என்னத்தைக் கண்டே?" என்று தெரிந்தவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "இனிமேதான் காணப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக்கொள்வாள்.

விசாரணை நாளில் மேனேஜர் வக்கீலோடு வந்திருந்தார். ஸ்டாம்பை அவளேதான் செய்து கொடுத்தாள், வேலைக்குச் சோம்பேறித்தனப்பட்டு, என்று ஒரே போடாகப் போட்டார். அதிகாரி அம்மாள் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். நான்கு தாள்களை மட்டும் தனியாக உருவி மேஜையில் வைத்தார்.

"ஒரே நாள், காலையில பத்து மணி. நாலு கட்டிடம். நாலுலயும் இந்தம்மா நேர்ல நின்னு சோதிச்சாங்கன்னு எழுதி, மேனேஜர்ங்கற முறையில நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒரே ஆள் நாலு இடத்துல நிக்கறாங்கன்னா, நீங்க இவங்களுக்கு நாலு சம்பளம் இல்ல குடுத்திருக்கணும்?"

வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஸ்பானர் உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார். மேனேஜர் பக்கம் பார்க்காமலே, "அந்த ஸ்டாம்பைச் செய்யச் சொல்லிக் கடைக்கு அனுப்பினது என்னைத்தான் அம்மா. அனுப்பினவர் இவர்" என்றார். சொல்லி முடித்ததும், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவளுடைய லைசென்ஸ் திரும்பக் கைக்கு வந்தது. கம்பெனிக்கு அபராதம் விழுந்தது, ஒரு வருடத்துக்குப் பெரிய மெஷின்களைத் தொடக்கூடாது என்று உத்தரவும் வந்தது. மேனேஜரை முதலாளி அனுப்பிவிட்டார். ஸ்பானரை அனுப்பப் பார்த்தபோது மிச்சமிருந்த அத்தனை பேரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் அங்கேயேதான் இருந்தார். அடுத்த லைசென்ஸ் பரீட்சைக்கு அவரோடு சேர்த்து ஐந்து பேர் பணம் கட்டினார்கள்.

பத்து நாள் கழித்து அந்த ஏழு மாடிக் கட்டிடத்து இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். இனிமேல் வெளிக் கம்பெனியே வேண்டாம், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளச் சொந்தமாகவே ஒருவரை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றார். முன்னால் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொன்னார்.

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு நான் சொல்றேன் சார்" என்று அவள் ஒரு தொகையைச் சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்ததால் நாக்கு தடுமாறவில்லை.

இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்தார். "பொம்பளைங்க இவ்வளவு கேட்டு நான் பார்த்ததே இல்லம்மா."

"இப்ப பார்த்துட்டீங்க."

"மேல கேக்கணும். அவங்க பேரம் பேசுவாங்க."

"பேசட்டும் சார். லைசென்ஸ் இருக்கற ஆளுங்க இந்த ஊர்ல எத்தனை பேர்னு அந்த ஆபீஸ்ல லிஸ்ட் ஒட்டியிருக்காங்க. அதையும் அவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் காத்திருப்பேன்."

இரண்டாம் நாள் ஒரு செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் ஒரு மருந்துக் கிடங்குக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது போன் வந்தது. கேட்ட தொகை சரி என்றார்கள். பதவி மட்டும் டெக்னீஷியன் என்றே இருக்கட்டும் என்றார்கள். முடியாது என்றாள். மதியம் மறுபடி கூப்பிட்டு, 'தலைமை டெக்னீஷியன்' என்று ஒப்புக்கொண்டார்கள்.

நியமனக் கடிதத்தை இன்ஜினியர் மேஜைமேல் வைத்துப் பேனாவையும் நீட்டினார். மற்றவர்களைப்போல அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. 'சம்பள உயர்வும் பதவி உயர்வும் ஆண்டுதோறும் பரிசீலிக்கப்படலாம்.'

"இது எதுக்கு சார், 'படலாம்'?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. வழக்கமான வாசகம்."

அவள் பேனாவைத் திறந்து அந்த 'படலாம்' என்பதை ஒரு கோடு கிழித்து அடித்தாள். மேலே 'படும்' என்று எழுதினாள். பரிசீலிக்கப்படும். கடிதத்தை அவர் பக்கம் திருப்பி, "இங்க ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டுடுங்க சார், திருத்தத்துக்கு" என்றாள்.

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். அவள் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் அவர் அதை வாங்கி, திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.