கட்டிலா, நாற்காலியா

இரண்டாவது ஊரடங்கில் லீனாவுக்குக் கடையும் போனது, வீடும் போனது. லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் அவள் நடத்திவந்த பியூட்டி பார்லருக்குக் கட்டிட உரிமையாளர் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். அதன் மேல்மாடியில்தான் அவள் குடியிருந்தாள். அந்தக் கதவுக்கும் ஜோடியாக ஒன்று வாங்கியிருந்தார். புருஷனை அவளே முன்பொரு நாள் துரத்திவிட்டிருந்ததால் ஆறுதல் சொல்லவோ திட்டவோ ஆளில்லை. பார்லர் நாற்காலியை மட்டும் ஆட்டோவில் படுக்கவைத்துக்கொண்டு அண்ணன் ஓஸ்வால்டின் வீட்டு வாசலில் போய் இறங்கினாள்.

ஓஸ்வால்ட் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவன். வீட்டுக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்க ஷீட் கூரையில் ஓர் அறை கட்டியிருந்தான். பிளான், அனுமதி என்றெல்லாம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அண்ணி ஜோசஃபின் வீட்டுக்குள் தங்கச் சொன்னதற்கு, "ரெண்டு பொம்பளைங்களுக்கு ஒரு கிச்சன் தாங்காது அண்ணி" என்று லீனா அந்த அறைக்கே போய்விட்டாள். ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் நாற்காலி, நடுவில் அவள் ஒருக்களித்து நடக்க இடம்.

ஊரடங்கு தளர்ந்ததும் விதிகள் வரத் தொடங்கின. குடியிருக்கும் அறையில் பார்லர் நடத்தக் கூடாது என்றார் சுகாதார ஆய்வாளர் தர்ஷினி. பின்பக்கத்து அறையை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், மனிதர்கள் குடியிருந்தால் இடித்துவிடுவேன் என்றார் கட்டிடப் பிரிவு இன்ஜினியர் சண்முகம். இருவரும் ஒரே வார்டு அலுவலகம், அடுத்தடுத்த மேஜை. ஆனால் பேசிக்கொள்வதில்லை.

லீனா இரண்டு விதிகளையும் மதித்தாள், ஆள் வரும் நேரத்தில் மட்டும். இன்ஜினியர் வந்தால் கட்டில் மதிலோரம் போய்ச் சாய்ந்து நிற்கும். சுகாதாரம் வந்தால் நாற்காலி மேல் போர்வை விழும். கட்டில் தூக்கித் தூக்கி ஓஸ்வால்டுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இது வீடா கடையான்னு நீயே ஒரு முடிவுக்கு வந்துடு தங்கச்சி. என் முதுகுக்கு ஆவல" என்றான்.

"அவங்க ரெண்டு பேரையும் முதல்ல முடிவுக்கு வரச் சொல்லு."

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துத் தெரு மௌரீன் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் நிச்சயதார்த்தத்துக்காகத் தலை முழுக்க டை. பூசி முடித்த நேரத்தில் ஓஸ்வால்ட் ஓடிவந்தான். "ஹெல்த் மேடம் வர்றாங்க!"

நாற்காலி மேல் போர்வை விழுந்தது. டீச்சரை எங்கே ஒளிப்பது? லீனா அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, இன்னொரு போர்வையை முகம் மட்டும் தெரியும்படி தலையோடு சேர்த்துப் போர்த்தினாள்.

தர்ஷினி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் சண்முகமும் வந்தார். டீசல் மிச்சம் பிடிக்க அலுவலகத்தில் அன்று இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

"ஏனு இது? ஆள் படுத்திருக்காங்க! குடித்தனமே நடக்குது" என்றார் சண்முகம், கன்னடமும் தமிழும் கலந்து.

"யார் இவங்க? உடம்புக்கு என்ன?" என்றார் தர்ஷினி.

லீனா வாயைத் திறப்பதற்குள் மௌரீன் டீச்சர் தன் பங்குக்கு உதவி செய்ய நினைத்து இருமினார். பள்ளிக்கூட நாடகங்களைப் பல வருஷம் நடத்தியவர். இருமல் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி ஷீட் கூரையில் அதிர்ந்தது.

தர்ஷினி இரண்டடி பின்வாங்கி ஃபோனை எடுத்தார். "ஆம்புலன்ஸ் சொல்றேன். டெஸ்ட் வரைக்கும் இந்த லைனையே சீல் பண்ணணும்."

அந்தப் புழுக்கத்தில் டீச்சருக்கு வியர்த்தது. டை இளகி, நெற்றியில் கறுப்பாகக் கோடு இறங்கி மூக்கை நோக்கி நகர்ந்தது. சண்முகம் அதைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, பிளாக் ஃபங்கஸ்!"

வெளியே பாய்ந்த வேகத்தில் துவைக்கிற கல் தடுக்கி, ஊறவைத்திருந்த துணி வாளிக்குள் ஒரு காலை விட்டார். எடுத்த பிறகும் நிற்கவில்லை; கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றார்.

"லீனா, எனக்கு ஆஸ்பத்திரி வேணாம்" என்று போர்வைக்குள்ளிருந்து டீச்சர் முனகினார்.

லீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தெருவே பூட்டப்பட்டால் தன்னைப் போல் எத்தனை பேர் பிழைப்பில்லாமல் நிற்பார்கள் என்று தோன்றியது. போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஃபங்கஸ் இல்ல மேடம், டை. நேச்சுரல் பிளாக். இவங்க கஸ்டமர். இது என் கடை, என் வீடும் இதுதான். இங்கதான் தூங்கறேன், இங்கதான் சம்பாதிக்கறேன். நான் ஒருத்தி, ரெண்டு துண்டா எங்க போய் நிக்கட்டும்?"

தர்ஷினி ஃபோனை இறக்கினார். மாஸ்க்குக்குள் அவர் சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று தெரியவில்லை.

"முதல்ல அவங்க தலைய கழுவு, முடி வெந்துடும்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வை. ஒரு நேரத்துக்கு ஒருத்தர். இங்க யாரும் தூங்கக் கூடாது. செஞ்சுட்டு சொல்லு, திறக்கலாம்."

"மதில்லருந்து ஒண்ணரை அடி தள்ளி இருக்கணும்! பின்சுவர இடிங்க!" என்று கேட்டுக்கு வெளியிலிருந்தே சண்முகம் கத்தினார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஓஸ்வால்ட் சுவரை இடித்தான். கோயிலில் வாங்கிய ஆசீர்வாதம் மொத்தமும் போகுமளவு கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே இடித்தான். உள்ளே தள்ளிப் புதுச்சுவர் எழுப்பி ஜன்னலும் வைத்த பிறகு கட்டில் நுழையவில்லை. லீனா அதைத் தடவியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஜோசஃபின் ஃபேனுக்குக் கீழே பாயை விரித்தாள்.

பார்லர் திறந்த முதல் நாள், காலையெல்லாம் ஆளே வரவில்லை. லீனா ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஜோசஃபின் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாத்தனாரைத் தன் தலையைத் தொட விட்டதில்லை அவள்.

"இன்னா பண்ணணும் அண்ணி?"

"நீயே பாத்து பண்ணு. ஆனா வாய மூடிக்கினு பண்ணு."

லீனா சீப்பை எடுத்தாள். பேச ஆரம்பித்தாள்.