சப்டைட்டில் இல்லாத படம்

1

இந்தக் கதை நடந்த மண்டபத்தில் நானும் இருந்தேன், தூங்கிவிட்டேன். பழைய சோவியத் சினிமாவின் தீவிர ரசிகர்கள் பலர் செய்வதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே இங்கே வருவதெல்லாம் பிற்பாடு ராஜாத்தி சொன்னது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திருவொற்றியூரின் புகைபோக்கிகளுக்கு மேல் செஞ்சூரியன் எழுந்தபோது, பாட்டாளி வர்க்கம்..."

(வேண்டாம். படம் போட்டது சாயங்காலம் நாலு மணிக்கு. பாட்டாளி வர்க்கம் டீக்கடையில் இருந்தது.)

2

1999. விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை, ஆட்களை விருப்ப ஓய்வில் போகச் சொல்லிக்கொண்டிருந்தது. விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று தொழிற்சங்கத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். அவர்களுக்கு உரமேற்ற, எங்கள் திரைப்படச் சங்கச் செயலாளர் ஸ்டானிஸ்லாஸ் ஒரு சோவியத் படத்தைத் தருவித்தார். வேலைநிறுத்தம், துரோகம், நிறையப் பனி. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பார்த்து என்னைத் திருத்துவீர்கள்.)

படச்சுருள் வந்தது. சப்டைட்டில் வரவில்லை. "பிம்பத்துக்கு மொழி தேவையில்லை," என்றார் ஸ்டானிஸ்லாஸ். தொழிற்சங்கத் தலைவர் வல்லரசுக்குத் தேவைப்பட்டது.

"நம்ம ஜெயவேலு கீறானே, கம்பெனில சேர்றதுக்கு முன்னாடி ஹார்பர்ல ரஷ்யாக் கப்பல்ல மூட்ட எறக்கினவன். அவன் சொல்லுவான்."

மைக் ஜெயவேல் கைக்குப் போனது. அவன் மனைவி ராஜாத்தி இரண்டாம் வரிசையில் இருந்தாள். புருஷனுக்குத் தெரிந்த ரஷ்ய மொழி நாற்பது வார்த்தை, அதில் முப்பது கெட்ட வார்த்தை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வெளுத்துக் கட்டினான். திரையில் முதலாளி வாயைத் திறந்ததும், "இன்னாங்கடா, மிசின நிறுத்திட்டா பயந்துருவனா?" என்றான். கூட்டம் சிரித்தது. ஸ்டானிஸ்லாஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

3

பாதிப் படத்தில், தொழிலாளி ஒருவன் சமையலறையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ சொன்னான். இரண்டே வரி.

ஜெயவேலின் குரல் இறங்கியது. "நான் கையெழுத்து போட்டுட்டேன். போன செவ்வாக்கெழம. எல்லாரும் கடசில போடத்தான் போறாங்கன்னு ஆபீசர் சொன்னாரு, நம்பிட்டேன். கூட்டாளிங்க மூஞ்சப் பாக்க முடில. ஒன்னாண்டகூட சொல்லல..."

திரையில் அதற்குள் பனியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. ராஜாத்திக்கு வயிற்றைப் பிசைந்தது.

[இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். அவளிடம் படித்துக் காட்டினேன். "வவுறுதான் சார் பிசைஞ்சுது, வேற ஒண்ணியும் இல்ல," என்றாள். எடுத்துவிட்டேன்.]

அவள் எழுந்தாள்.

"யோவ், அங்க குதிர ஓடிகினு கீது. நீ யார் வசனத்தப் பேசிகினு கீற?"

"என் வசனந்தான்," என்றான் அவன், மைக்கிலேயே.

4

ஸ்டானிஸ்லாஸுக்குப் பிடித்திருக்கக்கூடிய முடிவு: தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து... (ஒருவரும் எழவில்லை.)

பத்திரிகை ஆசிரியர் கேட்ட முடிவு: வல்லரசு அவனைக் கட்டித் தழுவி, கண்ணீர்...

நடந்தது இது. வல்லரசு மைக்கை வாங்கி அணைத்தார். "நீ கெளம்பு ஜெயவேலு," என்றார். ஓர் அறை விட்டிருந்தால் தேவலாம் என்று இருந்ததாம் அவனுக்கு. ஆறு மாதத்தில் வல்லரசும் கையெழுத்துப் போட்டார். அன்று அவரை வீட்டுக்கு அழைத்துப்போக, தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றவன் ஜெயவேல்தான்.

ஆனால் அந்தச் சாயங்காலம் ராஜாத்தி புருஷன் பின்னால் போகவில்லை. மீதிப் படத்தை உட்கார்ந்து பார்த்தாள். சொல்ல ஆளில்லை. கடைசிக் காட்சியில் அந்தத் தொழிலாளி பனியில் நடந்து வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். அவனை நன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி சொல்கிறாள். விளக்கு போட்டுவிட்டார்கள்.

வீட்டு வாசலில் ஜெயவேல் குந்தியிருந்தான். சாவி அவளிடம் இருந்தது.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ரஷ்யாக்காரி இன்னா சொன்னாளோ, அதையேதான் சொன்னேன் சார்."

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அந்த வரியை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: