மேடையில் மட்டும் கைகுலுக்கலாம்

காஸ்பியன் கரையில் மனிதன் மனிதனுக்குக் கை நீட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, மார்ச் பதினான்காம் தேதி ஒருவர் கையையும் தொடாமல் பொழுது சாய்வதைப் பார்க்கப்போகிற முதல் கசாக்கியன் தானே என்று மிர்போலத் அறிவித்தான். விடுதிச் சமையலறையில், முட்டை பொரித்துக்கொண்டே. முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை.

"கொரிஸுன்னா என்ன? நேத்துப் பார்த்தவனையே இன்னிக்குப் புது வருஷம்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு, வயசு ஒண்ணு கூடிச்சு, நல்லா இருன்னு சொல்றது. வயசு கூடினதுல அவனோட உழைப்பு என்ன இருக்கு?"

"இன்னிக்குக் கை கொடுக்காதவனோட உறவே முறிஞ்சதா அர்த்தம், தெரியும்ல?" என்றாள் கம்ஷத். நாலாம் ஆண்டு, விடுதி மாணவர்களின் தலைவி. மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஒரே நாள்ல எல்லாரோடயும் முறிச்சுக்கறேன். தனித்தனியா சண்டை போடற நேரம் மிச்சம்."

"முட்டை கருகுது, தத்துவ ஞானி."

அந்த வருடம் அரசாங்கமும் மிர்போலத்தின் பக்கம் இருந்தது. அரசாங்கம் என்றால் துணை டீன் சகின்காலி; மாணவர்களுக்கு 'அகாய்', அதாவது ஐயா. தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு வருவதால், தாழ்வாரங்களில் கொரிஸு கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டியிருந்தார். வாழ்த்து பதினோரு மணிக்கு மேடையில் நடக்கும். ஒத்திகை பார்த்த ஐந்து ஜோடிகள் அனைவர் சார்பிலும் கைகுலுக்குவார்கள். மீறித் தொடங்கிவைப்பவருக்கு விடுதியில் படுக்கை கிடையாது.

யார் தொடங்குவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்று வருடங்களாக முதல் ஆண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக, கதவு கதவாகப் போனவள் கம்ஷத். அவள் வீடு பெய்னெவுக்கும் அப்பால், ரயிலில் ஓர் இரவுத் தூரம். கல்லூரி இருக்கும் அத்திராவ் நகரத்தில் வாடகை அறை எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். படுக்கை போனால் இறுதித் தேர்வும் போனது.

"இந்த வருஷம் விட்டுடேன்," என்றான் மிர்போலத். வாணலியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அஞ்சு பேர் என் சார்புல கைகுலுக்குவாங்களாம். நாளைக்கு என் சார்புல சாப்பிடறதுக்கும் ஆள் போடுவாங்க."

முதல் வகுப்பு முடிந்ததும் கம்ஷத் காலையில் பிசைந்த மாவில் பொரித்தெடுத்த பவுர்சாக் உருண்டைகளை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்து, கல்லூரியின் இரண்டாம் மாடி ஜன்னல் மேடையில் வைத்தாள். கீழே வாசலில் எல்லாருடைய கோட்டையும் வாங்கி வைக்கும் அம்மாவிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்த அம்மா ஆணையைப் படித்தவர்தான். படித்த கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவரும் இரண்டு கைகளையும் நீட்டினார்.

பிறகு தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. சண்டை போட்டவர்கள், கடன்பட்டவர்கள், ஒரே பெண்ணுக்குப் பூ வாங்கியவர்கள் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டிருந்தார்கள். வேதியியல் ஆசிரியை எண்ணெய் ஒட்டிய உதட்டோடு வகுப்புக்குப் போனார். நடுவே மிர்போலத், கால்சட்டைப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, ஆய்வுக் குழுவுக்கும் மேலான ஆய்வுக் குழுவாக உலாவினான். கையை எடுக்க முடியாததால் பவுர்சாக்கைக் குனிந்து வாயால் கவ்வினான்.

"குதிரையும் இப்படித்தான் தின்னும்," என்றான் அறைத்தோழன் எர்தாய்.

"குதிரை கைகுலுக்கறதில்லை. அதான் அதுக்கு மரியாதை."

அப்போது படிக்கட்டில் சகின்காலி அகாய் ஏறிவந்தார். இரண்டு கைகளிலும் மோவாய்வரை கோப்புகள். காலையிலிருந்தே அப்படித்தான் அலைந்துகொண்டிருந்தார். அவரும் கொரிஸு கொண்டாடும் மங்கிஸ்தாவ் மண்ணில் பிறந்தவர். நீட்டிய கையைத் தட்டிவிட அவரால் முடியாது. ஆகவே நீட்டவே முடியாதபடி பார்த்துக்கொண்டார்.

கைகோத்து நின்ற ஜோடிகள் விலகி நின்றன.

"யார் ஆரம்பிச்சது?"

கம்ஷத் வாயைத் திறக்கப் போனாள். எர்தாய் அவள் காலை மிதித்தான்.

அகாயின் கண் கோப்புகளுக்கு மேலாகச் சுற்றிவந்து மிர்போலத்தின் பைகளில் நின்றது. முகம் கனிந்தது.

"பாருங்க இவனை. இத்தனை பேர்ல ஒருத்தன். கை இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. படிச்ச பிள்ளைன்னா இப்படி இருக்கணும். தம்பி, என்னை மாதிரிதான்டா நீயும்."

மிர்போலத் மூன்று ஆண்டுகளில் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியிருக்கிறான். இரண்டும் இப்படி வலிக்கவில்லை. கட்டடத்தில் இன்று யாரையும் தொடாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோப்புகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொருவன் யார் என்பதை முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீ கலந்துக்காதவன். உன் பேச்சை நம்பலாம்," என்றார் அகாய். "சொல்லு. யார்?"

கம்ஷத் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சேற்றில் நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான், அகாய்."

"உளறாதே. பைக்குள்ள கைய வச்சிட்டு நிக்கற. நானே பார்த்தேன்."

"அது முன்னாடி."

அவன் பைகளிலிருந்து கைகளை எடுத்தான். வெகுநேரம் உள்ளேயே இருந்ததில் வியர்த்திருந்தன. சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டையும் துணை டீனை நோக்கி நீட்டினான்.

"உங்களுக்கு வயசு ஒண்ணு கூடிச்சு, அகாய். நல்லா இருங்க."

"எனக்குக் கை காலியில்லை."

"காத்திருக்கேன்."

"உன் படுக்கை போயிடும்டா."

"போகட்டும். கை இங்கதான் இருக்கும்."

எர்தாய் வந்து அவன் பக்கத்தில் நின்றான். "நானும்தான் ஆரம்பிச்சேன், அகாய்." அவனும் கைகளை நீட்டினான். அவனுக்குப் பின்னால் புவியியல் துறைப் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் முதலாண்டுப் பெண்கள், ஒவ்வொருவராக ஆரம்பித்தவர்கள் ஆனார்கள். கோட்டு வாங்கும் அம்மாவும் கீழேயிருந்து ஏறிவந்து, தனக்குப் படுக்கை கிடையாது, ஆனால் ஆரம்பித்தது தானே என்றார். வரிசை படிக்கட்டில் இறங்கியது.

அகாய் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். இவ்வளவு படுக்கைகளையும் பறித்தால் ஆய்வுக் குழுவுக்குக் காட்ட ஒரு காலி விடுதிதான் மிஞ்சும். மேல் கோப்பு நழுவியது. மோவாயால் அழுத்திக்கொண்டார்.

"யாரும் ஆரம்பிக்கலைன்னு எழுதிக்கறேன்," என்று முனகி, முதுகாலேயே கதவைத் தள்ளித் தன் அறைக்குள் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. மிர்போலத் நீட்டிய கைகளை இறக்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியும் கதவைப் பார்த்தபடியே நின்றான்.

"போதும், வா," என்றாள் கம்ஷத். "அவர் வரமாட்டார்."

அவன் திரும்பினான். முதலில் அவளுடைய எண்ணெய் ஒட்டிய கைகளை இரண்டு கையாலும் பிடித்தான். அடுத்தது எர்தாய். அதற்கடுத்து வரிசையில் நின்ற, பெயர்கூடத் தெரியாத முதலாண்டுப் பையன்.